கண்ணியமான கோடு

நீர்மட்ட வரைபட அலுவலகத்தில் அவளைத் 'தற்காலிகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மாதத்துக்கு என்று சொல்லி புரோகிராமராக எடுத்தார்கள்; எடுத்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. "தற்காலிகம் வந்தாச்சா?", "தற்காலிகத்துக்கும் ஒரு டீ சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு, வெளியே யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் ஒரு நொடி தாமதித்தே திரும்புவாள்.

அந்த அலுவலகத்துக்கு இருந்தது ஒரே வேலை. ஆற்றில் பொருத்திய கருவி நொடிக்கு ஒரு தடவை தண்ணீரின் உயரத்தை அளந்து அனுப்பும். ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு புள்ளிகள். அவற்றையெல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஒரு கோடு வரையும். மணிக்கு ஒரு தடவை பழைய கோட்டை அழித்துவிட்டு, முந்தைய இருபத்துநாலு மணி நேரத்துக்கும் முதலிலிருந்து புதுக்கோடு போடும். இதே படம் ஊருக்கு மேலே இருந்த மதகு அறையின் திரையிலும் தெரியும். ஆறு ஏறுவதாகக் கோடு காட்டினால் மதகைத் திறந்து, தண்ணீரை வடிகால் கால்வாய் வழியாகச் சதுப்பு நிலத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நேராகப் பள்ளத் தெருக்களுக்குள் வந்துவிடும்.

ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோட்டை வரைந்து முடிக்கக் கம்ப்யூட்டருக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது.

விதிப் புத்தகம் தெளிவாகச் சொன்னது: 'கோடு இறுதிப் புள்ளியைத் தொட்ட பின்னரே மதகு குறித்து முடிவெடுக்க வேண்டும்.' போன மழையில் கோடு நள்ளிரவு நிலவரத்தை நிதானமாக வரைந்துகொண்டிருந்த பட்டப்பகலில், ஆறு பள்ளத் தெருவுக்குள் புகுந்துவிட்டது. ஒரு பிள்ளைத்தாச்சியைக் கதவுப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தையல் கடை ஒன்றில் மூன்று மெஷின்கள் மிதி வரை சேற்றில் நின்றன. அந்தத் தையல்காரர் தற்காலிகத்தின் அண்ணன். மதகு அறையில் கையைக் கட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவருடைய மனைவி, அவளுக்கு அண்ணி.

"ஏன்டி, ஆறே நடந்துதான் வருது. உங்க ஆபீஸ் கோடு என்ன, தவழ்ந்து வருதா?" என்று மெஷினிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டே அண்ணி கேட்டாள். ஒன்பது வருடமாகத் தற்காலிகத்தைப் பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பதற்கு மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் முதல் தடவையாக அந்தக் கோடு வரையும் புரோகிராமைத் திறந்து பார்த்தாள்.

இரண்டே நாளில் காரணம் பிடிபட்டது. கோட்டின் கனம் மூன்று இழை என்று வைத்திருந்தார்கள். ஒரு இழைக் கோடு என்றால் கம்ப்யூட்டர் புள்ளிக்குப் புள்ளி சரசரவென்று இழுத்துவிடும். மூன்று இழை என்றால் அதற்கு அது கோடே அல்ல. ஒரு நாள் நீளமுள்ள ஒற்றைப் பட்டை. எண்பத்தாறாயிரம் மூட்டுகளிலும் மூலையை உருட்ட வேண்டும். பட்டை தன்மேல் தானே எங்கெல்லாம் படிகிறது என்று பார்க்க வேண்டும். ஓரத்தை மழமழப்பாக்கி உள்ளே நிறம் நிரப்ப வேண்டும். இவ்வளவையும் செய்து முடிக்கும்போது ஆறு எங்கேயோ போயிருக்கும்.

அவள் மூன்றை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டாள். விசையைத் தட்டினாள். கோடு வந்து நின்றது. வருவதைக்கூடக் காணவில்லை, முதலில் இல்லை, அடுத்த கணம் இருந்தது, அவ்வளவுதான். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் மேற்பார்வையாளரைக் கையோடு இழுத்துவந்து காட்டினாள்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். திரையைப் பார்த்ததும் முதல் காரியமாகப் போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

"இல்ல சார். ஏன்?"

"கோடு மெலிஞ்சிருக்கே."

"வேகமா வருது சார். ஒரு செகண்ட் கூட ஆகல."

"அதுதாம்மா பயமா இருக்கு. ஒரு செகண்ட்ல வர்ற கோட்டுக்கு நாப்பது பேர் எதுக்குன்னு நாளைக்கு எவனாவது கேட்டா?"

மூன்று இழைக்கு ஒரு வரலாறு இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்போதைய இயக்குநர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தார். கோடு தெரியவில்லை என்றார். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: 'இனி எல்லாக் கோடுகளும் மூன்று இழைக் கனத்திலும் உருண்ட மூட்டுகளோடும் இருத்தல் வேண்டும்.' மறுநாள் அவர் கண்ணாடியோடு வந்தார். சுற்றறிக்கை அப்படியே இருந்தது.

விஷயம் இயக்குநரிடம் போனது. இப்போதைய இயக்குநர் கண்ணாடி போடாதவர். ஆனால் தொலைநோக்கு உள்ளவர் என்று பெயர் வாங்கியவர். அவர் தலைமையில் ஒன்பது பேர் கொண்ட கோட்டு விரைவு பரிசீலனைக் குழு அமைந்தது. தற்காலிகப் பணியாளர் குழுவில் இருக்க விதி இடம் கொடுக்காததால், கேட்டால் பதில் சொல்ல அவளைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள்.

"கோடுன்னா என்னங்க?" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "அது ஒரு அலுவலகத்தோட முகம். மெல்லிசா, நூல் மாதிரி ஒரு கோடு போட்டா ஜனங்க என்ன நெனைப்பாங்க? இவங்களுக்கே சந்தேகம் போலன்னு நெனைப்பாங்க. கனமான கோட்டுல ஒரு கண்ணியம் இருக்கு. தண்ணி வரும், போகும். கோடு நிக்கணும்."

ஒன்பது பேரும் மேசையைத் தட்டினார்கள்.

கனம்தான் பிரச்சினை என்றால் அதற்கும் வழி இருக்கிறது என்று அடுத்த கூட்டத்துக்குள் தற்காலிகம் கண்டுபிடித்திருந்தாள். "கனம் அப்படியே இருக்கட்டும் சார். முழுசையும் ஒரே பட்டையா எடுத்துக்காம, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு ரெண்டு புள்ளிக்கு நடுவுல தனித்தனித் துண்டா வரைஞ்சிட்டாப் போதும். பாக்க அதே கோடுதான். இதுவும் ஒரு செகண்ட்ல முடிஞ்சிரும்."

சட்ட அலுவலர் மூக்கின் மேல் விரலை வைத்தார். "அப்போ அது கோடு இல்லையேம்மா. எண்பத்தாறாயிரம் கோடு. விதியில 'கோடு இறுதிப் புள்ளியைத் தொட்ட பின்னர்'னு ஒருமையில இருக்கு. 'கோடுகள்'னு இல்ல. நாளைக்கு எந்தக் கோடு தொட்டுச்சுன்னு கோர்ட்ல கேட்டா நான் எதைக் காட்டுறது?"

மூன்றாவது கூட்டத்தில் இன்னொன்று சொல்லிப் பார்த்தாள். திரையின் அகலமே ஆயிரத்து இருநூறு கட்டம்தான். ஒரு கட்டத்துக்குள் எழுபத்திரண்டு புள்ளிகள் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஆக உயர்ந்ததையும் ஆகத் தாழ்ந்ததையும் மட்டும் வைத்துக்கொண்டால் படத்தில் ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது.

பதிவேட்டு அலுவலருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மீதி எழுபதையும் என்ன பண்ணப்போறீங்க?"

"வரையாம விட்டுரலாம் சார். பதிவுல பத்திரமா இருக்கும். படத்துல எப்படியும் அதுங்க கண்ணுக்குத் தெரியறதில்ல."

"கண்ணுக்குத் தெரியாதவங்களையும் சேத்துத்தான்மா ஒரு அலுவலகம் நடக்குது!" என்றார் அவர், குரல் தழுதழுக்க. வருகைப் பதிவேட்டில் அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை.

உள்ளே கருத்து ஒத்துவராததால் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்து, கோட்டைப் பார்ப்பவர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். "பிரச்சினை கோட்டுல இல்ல. காத்திருக்கிற மனநிலையிலதான் இருக்கு" என்று கண்டறிந்தார். அவருடைய அறிக்கைப்படி நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துப் போட்டார்கள். திரையின் கீழே 'கோடு வந்துகொண்டிருக்கிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி' என்ற வாசகம் ஒளிர்ந்து ஒளிர்ந்து மறையும்படி செய்தார்கள். அந்த வாசகமும் மூன்று இழைக் கனத்தில் இருந்ததால் கோடு வரைய இப்போது ஐம்பத்துநாலு நிமிடம் ஆனது.

மதகு அறைக்கும் ஒரு மெத்தை போயிற்று. அண்ணி அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கோடு வரும்வரை படுத்திருந்தாள்.

இதற்கிடையில் எங்கோ மேலே உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் காதில், இந்த அலுவலகத்தில் வேகமான கோடு ஒன்று தயாராகிறது என்று விழுந்துவிட்டது. திறந்துவைக்க நானே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இயக்குநர் ஆடிப்போனார். ஒரே நாளில் குழுவின் ஆட்சேபணைகள் எல்லாம் 'தற்காலிகமாக' நீக்கப்பட்டன. துண்டுக் கோட்டையே கொண்டுவரும்படி உத்தரவாயிற்று. மேடை போட்டு, பெரிய திரை கட்டி, பட்டுத்துணி விரித்த தட்டில் ஒரு பொத்தானை வைத்தார்கள்.

பெரிய மனிதர் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"எப்போ ஆரம்பிக்கும்?" என்று பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றார் இயக்குநர்.

"நான் இன்னும் பொத்தான்லேருந்து கையையே எடுக்கலையே."

கைதட்டுவதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. புகைப்படக்காரர் இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். அழுத்தினார். மூன்றாவது தடவையும் அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் கோடு ஏற்கனவே அங்கே இருந்தது. பெரிய மனிதர் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று இயக்குநர் தற்காலிகத்தைக் கூப்பிட்டு வைத்துக் கொட்டித் தீர்த்தார். "ஒரு கோடு வருதுன்னா, வர்றது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அதுக்குன்னு ஒரு நடை இல்லையா? திருடன் மாதிரி வந்து நின்னா யாருக்கும்மா மரியாதை?"

வேகமான கோட்டைக் கொஞ்சம் மெதுவாக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எவ்வளவு மெதுவாக என்று மறுபடி குழு கூடியது. நாலு நிமிடம் என்றார் ஒருவர். பதினைந்து என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லோருக்கும் பழக்கப்பட்ட நேரமே உத்தமம் என்று ஐம்பத்துநாலு நிமிடத்தில் வந்து நின்றார்கள். ஐம்பத்துநாலு நிமிடம்தான் என்றால் பழைய கோடே இருக்கட்டுமே என்று பதிவேட்டு அலுவலர் சொன்னார். அவருடைய சிக்கன உணர்வைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேறியது.

தற்காலிகத்துக்கு மனம் விட்டுப்போயிற்று. ஆனாலும் தன் மேசையிலிருந்த கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு இழைக் கோட்டை அழிக்காமல் வைத்திருந்தாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் மேலே ஒரு வெற்றுத் தாளை ஒட்டி மறைத்துக்கொள்வாள்.

அந்த வருட மழை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் அலுவலக ஜன்னல்களில் தெரு தெரியவில்லை. மூன்றரை மணிக்கு அவள் தாளைத் தூக்கிப் பார்த்தாள். மெல்லிய கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றத்தில் போனால் இன்னும் இருபது நிமிடத்தில் ஆறு கரையைத் தாண்டும்.

மேற்பார்வையாளரையும் கூட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள். இயக்குநர் மெத்தை போட்ட நாற்காலியில் அமர்ந்து, அலுவலகக் கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஆரம்பித்த கோடு அப்போதுதான் விடியற்காலை நாலேகால் மணியை எட்டியிருந்தது.

"சார், தண்ணி கரையைத் தாண்டப்போகுது!"

"பதட்டப்படாதம்மா. இங்க பாரு. நாலேகாலுக்குத் தண்ணி ரொம்ப நல்லா இருக்கு."

"அது காலையில சார்! இப்போ மணி மூணரை!"

"அது உன் கடிகாரத்துல. அலுவலக ரீதியா நாம நாலேகால்லதான் இருக்கோம். மூணே முக்கால், நாலு மணி வாக்குல கோடு வந்து சேரும். வந்ததும் எந்தத் தாமதமும் இல்லாம முடிவெடுத்துரலாம்."

மேற்பார்வையாளர் ஜன்னலையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் தன் மேசைக்குத் திரும்பிவந்து போனை எடுத்தாள். அனுமதி இல்லாத கோட்டிலிருந்து ஓர் எண்ணை வெளியே சொல்வது வேலைக்கே உலை வைக்கிற குற்றம். அது அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, உங்க திரையில என்ன இருக்கு?"

"என் பொறுமைக்கு நன்றின்னு இருக்கு" என்றாள் அண்ணி. பின்னால் தண்ணீர் இரைச்சல் காதைப் பிளந்தது. "வெளிய பாத்தா வேற மாதிரி இருக்குடி. சுவர்ல போட்டிருக்கிற சிவப்புக் கோடு முழுகிப்போச்சு. கரை ஓரம் மண்ணு சரியுது. என்ன பண்ணட்டும்?"

"இன்னும் பதினஞ்சு நிமிசம்தான் அண்ணி. அதுக்குள்ள தாண்டிரும். என்கிட்ட இருக்கிற கோடு சொல்லுது."

"எது, அந்த ஒல்லிப்பிச்சான் கோடா?"

"அதேதான்."

"நீ சொன்னதா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போனை வை" என்றாள் அண்ணி.

மதகுச் சக்கரம் துருப்பிடித்த கனமான இரும்பு. அதைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். அண்ணி ஒற்றை ஆளாகக் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு திருப்பினாள். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. வடிகால் கால்வாய் பொங்கிக்கொண்டு சதுப்பு நிலத்துக்குப் பாய்ந்தது. பள்ளத் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்து, கடைகளின் முதல் படியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மெஷின்களை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன், மூன்றாவதை ஏற்றாமலே விட்டுவிட்டார்.

மூன்று ஐம்பத்துநாலுக்குக் கோடு இறுதிப் புள்ளியைத் தொட்டது. இயக்குநர் எழுந்து நின்று, "திறக்கச் சொல்லுங்க!" என்று கம்பீரமாக உத்தரவிட்டார்.

ஏற்கனவே திறந்தாயிற்று என்று தெரிந்ததும் அண்ணிக்கு மறுநாளே குறிப்பாணை வந்தது. 'கோடு இறுதிப் புள்ளியைத் தொடுவதற்குப் பத்தொன்பது நிமிடம் முன்னதாகவே மதகைத் திறந்து, அலுவலக நேரத்துக்கு முந்திச் செயல்பட்டதற்கு விளக்கம் தருக.'

விசாரணைக்கு ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தலைமை தாங்கினார். பள்ளத் தெருவிலிருந்து முந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு வந்திருந்தது. அதை அவர் எடைபோடுவதுபோல் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"நீங்க திறக்கலேன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று அண்ணியைக் கேட்டார்.

"ஊர் முழுகியிருக்குங்க."

"முழுகியிருந்தா விதிப்படி முழுகியிருக்கும். யார் மேலயும் தப்பு வந்திருக்காது. இப்போ பாருங்க, ஊர் தப்பிச்சிருச்சு. ஆனா எந்த விதிப்படி தப்பிச்சுதுன்னு கேட்டா எங்களால பதில் சொல்ல முடியல."

"நீங்க கேட்டா நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள் அண்ணி. "எனக்குக் கண்ணு இருக்கு."

"கண்ணு அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லம்மா" என்றார் பெரியவர், கனிவாகவே.

அன்று உண்மையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். தற்காலிகம் தன் மெல்லிய கோட்டைக் காட்டலாமா என்று கேட்டாள். மூன்று இழைக்குக் குறைந்த எதையும் விசாரணை ஏற்காது என்றார் சட்ட அலுவலர். ஒரு நாள் கோடு மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்கப் பதினோரு வருடத்துக் கோடும் முழுசாக, இடைவெளி இல்லாமல், ஒரே கோடாக வேண்டும் என்றார் பதிவேட்டு அலுவலர். பெரியவர் ஒப்புக்கொண்டார்.

"கோடு முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கே பதவி நீக்கம். தண்ணி நிஜமாவே ஏறியிருந்தா நன்னடத்தைச் சான்றிதழோட நீக்கிரலாம். அதுவரைக்கும் இவங்க வேலையில இருக்கலாம். அந்தச் சக்கரத்தைத் திருப்ப வேற ஆளும் இல்ல."

கோடு வரைய ஆரம்பித்தார்கள். தற்காலிகம் ஒரு வாரம் அதை அளந்து பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். பட்டை நீள நீள அதன் வேகம் இன்னும் குறையும். எப்படிப் பார்த்தாலும் கோடு முடியப் பத்தொன்பது வருடம். அண்ணி ஓய்வு பெறப் பதினேழு வருடம் இருந்தது. காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து, யாரும் எதிர்பாராத ஒரு காலையில் அந்த ஆணை வந்தது. பெரிய மனிதருக்குத் தான் அழுத்திய பொத்தான் திடீரென்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். 'விரைவுக் கோட்டை எல்லா வரைபடங்களுக்கும் உடனடியாக நடைமுறைப்படுத்துக.' மேற்பார்வையாளர் கண் கலங்கிவிட்டார். "ஜெயிச்சிட்டம்மா! போட்டுரு, இன்னைக்கே போட்டுரு."

அவள் விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தாள். மாற்ற வேண்டியது ஆறே வரி. அதைப் போட்டால் பதினோரு வருடத்துக் கோடு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அது முடிந்தால் அண்ணியின் வேலையும் முடிந்துவிடும். மதகு அறையில் 'பழுது' என்று சீட்டு ஒட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஒரு இழைக் கோட்டை அவள் எப்போதோ போட்டுக் கொடுத்திருந்தாள். பழுது என்று எழுதிய எதையும் எந்த அதிகாரியும் தொட மாட்டார்கள். ஆற்றுக்குத் தேவையான கோடு ஆற்றுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினாள்: 'மேற்படி ஆணையில் "உடனடியாக" என்ற சொல், ஆணை எழுதப்பட்ட நேரத்தைக் குறிக்கிறதா, வந்து சேர்ந்த நேரத்தைக் குறிக்கிறதா, அல்லது கோடு முடியும் நேரத்தைக் குறிக்கிறதா என்பது தெளிவாக இல்லை. தக்க வழிகாட்டுதல் வேண்டப்படுகிறது.'

இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. "அட, அருமையான கேள்வி! இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தருக்கும் தோணலையே. இதுக்கு ஒரு துணைக்குழு போட்டுத்தான் ஆகணும்" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார்.

சாயந்தரம் தையல் கடையில் உட்கார்ந்து அவள் இதைச் சொன்னபோது அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அவள் முகத்தைக் கவனித்தாள்.

"எவ்வளவு ஆசையா கண்டுபிடிச்சே. கைக்கு வந்தப்போ நீயே மூடி வச்சிட்டு வந்திருக்கே. மனசுக்குக் கஷ்டமா இல்லையாடி?"

"இருக்கு அண்ணி" என்றாள் அவள். "அந்தக் குறிப்பு எழுத எனக்கு அஞ்சு நிமிசம்தான் ஆச்சு. ஒரு வார்த்தைகூட யோசிக்க வேண்டியிருக்கல. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு."

அண்ணி அவள் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள். வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைச்சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மதகுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.